கொக்கங்குளத்து நீர்த்தெள்ளுகள்

மார்ச் 3, திங்கள்

கெமிக்கல் டீலர் இந்த வருட டைரியை இன்றுதான் கொண்டுவந்து கொடுத்தார். மார்ச் மாதத்தில் டைரி கொடுக்கிற புண்ணியவான் கோயமுத்தூரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். வழக்கமாக இது என் கையில் ஒரு நாள்கூடத் தங்காது. பிடுங்கிக்கொண்டு போக வீட்டில் ஆள் இருந்தது. இந்த முறை சாயங்காலம் வரை பையிலேயே கிடந்தது. இரண்டு மாதம் வீணான டைரியை யார் தலையில் கட்டுவது? நானே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் வசுமதி. வயது ஐம்பத்தொன்று. தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கணவர் கதிரேசன், மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். இப்படியே போனால் வேலைக்கு விண்ணப்பம் ஆகிவிடும்.

மகள் மிருதுளா போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. டெங்கு, ஐந்து நாள். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இன்று ஜாடிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். பாசி போட்டேன். ரேஷன் அரிசியில் வண்டு.

மார்ச் 5, புதன்

ஜாடி என்று எழுதினால் பிற்பாடு படிக்கிறவர்கள் ஊறுகாய் என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் கூடத்தில் வளர்ப்பது நீர்த்தெள்ளு. எள்ளளவுப் பூச்சி, பாசியைத் தின்றுகொண்டு குளத்துத் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும். ஒரு ரசாயனம் தண்ணீரில் கலந்தால் எந்த அளவில் உயிருக்குக் கேடு என்று தெரிய வேண்டுமானால், பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகளை அந்தத் தண்ணீரில் விட்டு நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்போம். பீக்கரை லேசாக ஆட்டிவிட்டு மனதுக்குள் பதினைந்து எண்ண வேண்டும். அதற்குள் நீந்தாதது செத்ததாகக் கணக்கு. எந்த அளவில் பாதிக்குப் பாதி நீந்தாமல் போகிறதோ அதுதான் அறிக்கையில் போகும் எண்.

எங்களிடம் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சென்னையில் ஒரு கூடத்திலிருந்து வாங்கியது. நல்ல தாட்டியானவை. எதைப் போட்டாலும் தின்னும், எதற்கும் சாகாது. இன்னொன்று கொக்கங்குளத்தில் பிடித்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் மிரு தன் ஆராய்ச்சிக்காக மதகடியில் டீ கப்பால் மொண்டுவந்து, அதிலிருந்து ஒரே ஒரு தெள்ளைத் தனியாக எடுத்து எங்கள் கூடத்து ஜாடியில் விட்டாள். "ஒண்ணே ஒண்ணு போதும்மா. ஆம்பளையே வேண்டியதில்ல இதுகளுக்கு" என்று வீட்டில் வந்து சொன்னாள். அவள் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆம்பளைங்க தப்பிச்சாங்க" என்றார்.

அது உண்மைதான். சாப்பாடும் சூடும் சரியாக இருக்கும்வரை தாய் தன்னைப் போலவே பெண்குஞ்சுகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். மகள் என்றுகூடச் சொல்ல முடியாது, அச்சு அசல் அதேதான். அதனால் மிரு அன்றைக்கு எடுத்த அந்த ஒன்றுதான் இன்னமும் நாலு ஜாடியில் நீந்திக்கொண்டிருக்கிறது. ஜாடியில் ஒட்டிய சீட்டில் அவள் கையெழுத்து. அந்த ஜாடிகளை நான் யாரிடமும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கூடுதல் வேலை நேரம் என்று எழுதுவதில்லை.

மார்ச் 10, திங்கள்

எபினேசர் சார் கூப்பிட்டார். கூடத்தின் தலைவர் அவர். ஒரு முலாம் பூசும் ஆலை வந்திருக்கிறதாம். செம்புப் பாகங்களுக்கு வெள்ளீயம், அதாவது டின், பூசுகிறார்கள். கழிவுநீரில் டின் குளோரைடு இருக்கும். அதை வாய்க்கால் வழியாகக் கொக்கங்குளத்துக்கு விட அனுமதி கேட்கிறார்கள்.

"அந்தக் குளத்து உயிரியவே வச்சு டெஸ்ட் பண்ணணும்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கேட்டிருக்காங்க. நம்மகிட்டதான் இருக்கே. மிருதுளாவோடது" என்றார்.

"இருக்குங்க சார்" என்றேன்.

"அஞ்சு அளவு, ஒரு கன்ட்ரோல். அளவுக்கு இருபது. மொத்தம் நூத்திருபது குஞ்சு. முடியுமில்ல?"

"முடியுங்க சார்."

கன்ட்ரோல் என்பது வெறும் தண்ணீர் பீக்கர். அதில் இருப்பவை பிழைத்திருந்தால்தான் மற்றவை செத்தது ரசாயனத்தால் என்று சொல்ல முடியும். மீதி நூறும் சாகவோ பிழைக்கவோ விடப்படுபவை.

வீட்டுக்கு வரும்போது பருப்பு வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஒன்றுமில்லை. தலைவலி.

மார்ச் 17, திங்கள்

சோதனை தொடங்கியது. டின் குளோரைடைக் கரைத்தால் முதலில் தெளிவாக இருக்கும். போர் தண்ணீரில் ஊற்றியதும் கொஞ்ச நேரத்தில் பால் தெளித்த மாதிரி வெள்ளையாகக் கலங்கும். லிட்டருக்கு ஐந்து, பத்து, இருபது, நாற்பது, எண்பது மில்லிகிராம். எண்பது பீக்கரில் பின்னால் இருக்கும் சுவர் தெரியவில்லை.

ரெஹானா உதவிக்கு வந்தாள். வெள்ளீயத்தை அளக்கிற மெஷின் அவளுடையது. பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து மேசை, இரண்டு பிள்ளைகள், வாயைத் திறந்தால் மாமியார் கதை. குஞ்சுகளைப் பீக்கருக்கு மாற்றும்போது, "வசுக்கா, நானும் பாதி மாத்தட்டுமா?" என்றாள். வேண்டாம், மெஷினைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

பிப்பெட்டின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கித்தான் குஞ்சை விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்து மிதக்க ஆரம்பித்துவிடும், பிறகு இறங்கவே இறங்காது. இதை மிருவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நூற்றிருபதையும் நானே விட்டேன்.

இன்று சென்னை ஜாடியிலிருந்தும் குஞ்சுகளை வடித்தேன். எதற்கு என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கன்ட்ரோலில் இருபதும் நீந்துகின்றன. நாள் முழுவதும் மனசு லேசாக இருந்தது. மத்தியானம் ரெஹானா கொண்டுவந்த பிரியாணியைக்கூடச் சாப்பிட்டேன்.

மார்ச் 19, புதன்

நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது. ஐந்திலும் பத்திலும் எல்லாம் உயிரோடு. இருபதில் மூன்று போயிற்று. நாற்பதில் பதினொன்று. எண்பதில் பதினெட்டு. கன்ட்ரோலில் ஒன்றுகூடப் போகவில்லை.

கணக்குப் போட்டால் பாதி அளவு முப்பத்தெட்டு.

"பரவால்லையே! இவ்வளவு தாங்குதா?" என்று சார் ஆச்சரியப்பட்டார். நான் பீக்கர்களைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 24, திங்கள்

இவர் மிருவின் ஸ்கூட்டரைத் தன் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

"சும்மா நின்னு துருப்புடிச்சு என்ன ஆகப்போகுது. புள்ள காலேஜுக்குப் போக ஆவும்ல" என்றார்.

"அடுத்து என்னங்க? அவ துணி? அவ கட்டிலு?"

"ஏன் வசு இப்படிப் பேசற."

"மனுசனா நீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பதினாறு மாதத்தில் அவள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர். ஜாடிகள் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் அவற்றையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பார்.

மார்ச் 28, வெள்ளி

அறிக்கையின் வரைவை சார் ஆலைக்கு அனுப்பிவிட்டார். கேட்டு நச்சரித்தார்களாம். முப்பத்தெட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் அவர்களுக்குக் கொண்டாட்டம். அவர்கள் தொட்டியில் இருப்பது பத்துதானாம். வாரியத்து அனுமதி வரும்வரை பொறுக்காமல், சோதனை ஓட்டம் என்று சொல்லி இன்றைக்கே வாய்க்காலில் திறந்துவிட்டார்கள் என்று ரெஹானா சொன்னாள்.

"கொளத்துக்கு ஒண்ணும் ஆகாதில்லக்கா? நீங்கதான பாத்தீங்க" என்றாள்.

பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அறிக்கையில் சேர்க்க ரெஹானா படம் எடுத்தாள். சோதனை முடிந்ததும் எடுத்துவைத்த மாதிரிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "இது என்னக்கா, கன்ட்ரோல்ல இருக்கறதுக்கு வால் முள்ளு குட்டையா இருக்கு, மத்ததுக்கெல்லாம் நீளமா இருக்கு? டின்னுனால வால் வளருமா?" என்று கேட்டாள்.

"உன் வேலை டின்ன அளக்கறது. அதப் பாரு" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவள் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 3, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

கொக்கங்குளத்துக் குஞ்சுகளைக் கன்ட்ரோலில் மட்டும் விட்டேன். வெள்ளீயம் இருந்த நூறும் சென்னைக் குஞ்சுகள், வால் முள் நீளமானவை. குளத்துக் குஞ்சைப் பிப்பெட்டில் எடுத்து ஐந்து மில்லிகிராம் பீக்கருக்கு மேல் கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் விட்டிருப்பேன், ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. அந்தக் குஞ்சைத் திரும்ப வெறும் தண்ணீரில் விட்டேன். அப்புறம் சென்னை ஜாடியைத் திறந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

தெரிந்தே செய்தேன். சென்னை வகைதான் தாட்டியானது என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு என்பது அவற்றின் எண். குளத்தில் இருப்பவற்றின் எண் யாருக்கும் தெரியாது. ஜாடியில் இருந்த நூறைக் காப்பாற்றக் குளத்தில் இருக்கும் அத்தனையின் தலையிலும் நானே கொட்டச் சொல்லியிருக்கிறேன். மிருவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாள்.

காலையில் முதல் வேலையாக சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேற யாராச்சும் இதச் செஞ்சிருந்தா நீங்களே அவங்கள வெளிய அனுப்பியிருப்பீங்க, வசுமதி."

"ஆமாங்க சார்."

"நான் கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கேன்."

ஆறு மாதத்துக்கு எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்து போடக்கூடாது என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. உடனே ஆலைக்குப் போன் செய்தார். பழைய எண் தப்பு என்றால் சரியான எண்ணைக் கொடுங்கள், அதுவரை எங்களால் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

சரியான எண் வேண்டுமானால் குளத்துக் குஞ்சுகள் நூற்றிருபது வேண்டும். "நானே பண்றேனுங்க சார். ரெஹானா பக்கத்துல நிக்கட்டும்" என்றேன்.

ரெஹானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

கோடை வந்ததும் தாய்கள் குஞ்சு போடுவது குறைந்துவிட்டது. நேற்று மாலை நாலு ஜாடியையும் வடித்துத் தாய்களைப் புதுத் தண்ணீரில் விட்டேன். இன்று காலை பிறந்திருந்தவை நூற்று முப்பத்தொன்று. வழக்கமாக ஒவ்வொரு ஈற்றிலும் கொஞ்சம் குஞ்சுகளை அடுத்த தாய்களாக வளர்க்க ஒதுக்குவேன். இன்று பதினொன்றுதான் ஒதுக்க முடிந்தது.

நூறையும் வெள்ளீயத்தில் விட்டேன். ஒவ்வொன்றாக, நுனியை முக்கி. ரெஹானா பீக்கர்களை நகர்த்திக் கொடுத்தாள். மாமியார் கதையாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

கன்ட்ரோல் இருபதும் நீந்துகின்றன. ஐந்து மில்லிகிராமில் இரண்டுதான் மிச்சம். பத்து, இருபது, நாற்பது, எண்பது எல்லாவற்றிலும் அடியில் கிடக்கின்றன. பத்திலேயே ஓட்டின் மேல் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது. பீக்கரை ஆட்டினால் தண்ணீரோடு சேர்ந்து புரள்கின்றன. பதினைந்து எண்ணினேன். ரெஹானா எழுதிக்கொண்டாள். அடுத்த பீக்கருக்குப் போய்ப் பதினைந்து எண்ணினேன்.

சென்னைக் குஞ்சுகள் பத்து மில்லிகிராமில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆலைத் தொட்டியில் இருப்பது பத்து.

இதில் இன்னொரு கொடுமை. எல்லாமே செத்துவிட்டால் பாதி அளவைக் கணக்குப் போட முடியாது. ஐந்துக்குக் கீழே என்று மட்டும்தான் சொல்லலாம். குறைந்த அளவுகளில் மறுபடியும் செய்ய வேண்டும். இன்னும் நூற்றிருபது.

"கொஞ்ச நாள் விட்டுப் பண்ணலாமா? ஜாடி தேறட்டும்" என்றார் சார்.

"வாய்க்கா ஓடிட்டிருக்குதுங்க சார்" என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கூடத்துக்கு விடுமுறை. தெள்ளுகளுக்கு ஏது விடுமுறை, போய்ப் பாசி போட்டுவிட்டு வந்தேன். ஒதுக்கியிருந்த பதினொன்றில் எட்டு போய்விட்டன. அறையில் ஏசி ஓடினாலும் போர் தண்ணீரே சூடாக வருகிறது.

வீட்டில் பாயசம் வைக்கவில்லை. இவர் கடையிலிருந்து வேப்பம்பூ வாங்கிவந்து அடுப்படியில் வைத்திருந்தார். நான் பச்சடி செய்யவில்லை. சாயங்காலம் பார்த்தால் அதை அவரே எடுத்துக் காயப்போட்டிருந்தார். இருவரும் தயிர் சாதம் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 18, வெள்ளி

இரண்டாவது சுற்று. புதன்கிழமை அரை, ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று வைத்தேன். இந்த முறை பிறந்ததே நூற்று இருபத்திரண்டுதான்.

இன்று கணக்கெடுத்தோம். வெள்ளீயத்தில் எல்லாம் எதிர்பார்த்தபடி. கன்ட்ரோலில்தான் மூன்று அசையவில்லை. இருபதில் இரண்டு வரை போகலாம் என்பது விதி. மூன்று போனால் மொத்தச் சோதனையும் செல்லாது. தாய்கள் தளர்ந்துவிட்டன, அதனால் குஞ்சுகளும் தளர்ந்து பிறக்கின்றன.

மூன்றாவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. பதினைந்து எண்ணி, மறுபடியும் பதினைந்து எண்ணினேன். உணர்கொம்பு துடித்த மாதிரி இருந்தது. கொம்பு துடித்தால் போதாது, நீந்த வேண்டும். ரெஹானா பேனாவோடு காத்திருந்தாள். இரண்டு என்று சொன்னால் அவள் இரண்டு என்றுதான் எழுதுவாள். இன்னொரு நூற்றிருபது மிஞ்சும்.

"மூணு" என்றேன்.

ரெஹானா எழுதிவிட்டு, "டீ சொல்லட்டுமாக்கா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மூன்றாவது சுற்று. காலையில் பிறந்திருந்தவை நூற்று இருபத்து மூன்று. நூற்றிருபதை எடுத்தேன். மூன்றைத் தனிக் கப்பில் விட்டேன். அந்தக் கப்பில் பெயர் எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

அரையில் ஒன்றும் போகவில்லை. ஒன்றில் இரண்டு. இரண்டில் ஏழு. நாலில் பதினைந்து. எட்டில் இருபதும். கன்ட்ரோலில் ஒன்று.

பாதி அளவு இரண்டு புள்ளி ஆறு.

நான் கொடுத்த எண் முப்பத்தெட்டு. பதினாலு மடங்குக்கும் மேல்.

கன்ட்ரோலில் பிழைத்த பத்தொன்பதையும் திரும்ப ஜாடியில் விட மனசு துடித்தது. சோதனையில் இருந்தவற்றை வளர்ப்பில் சேர்க்கக்கூடாது என்பது விதி. அவற்றை மற்றவற்றோடு பிளீச்சிங் தண்ணீரில் ஊற்றினேன். இதற்கு முன்பு விதியை மீறி என்ன ஆயிற்று என்று பார்த்தாயிற்றே.

ஏப்ரல் 28, திங்கள்

அறிக்கை போயிற்று. சார் கையெழுத்து. தப்பை ஒளிக்கவில்லை. முதல் சோதனையில் உயிரிகள் மாற்றப்பட்டன, அதனால் அது ரத்து என்று தனிப் பத்தியில் எழுதியிருந்தார். என் பெயரைப் போடவில்லை. போடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

மாலையில் தகவல் வந்தது. வாரியத்திலிருந்து ஆள் போய் வாய்க்கால் வாயை அடைத்துவிட்டார்களாம். சரியாக ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

தாய்கள் பதினேழு. கப்பில் இருந்த மூன்றில் ஒன்று மிச்சம்.

மே 2, வெள்ளி

தாய்கள் ஒன்பது. முட்டைப் பையெல்லாம் வெறுமையாக இருக்கிறது. கப்பில் ஒன்று.

மே 3, சனி

ஐந்து. பாசியை மாற்றிப் பார்த்தேன். மினரல் வாட்டர் வாங்கி ஆறவைத்து ஊற்றினேன். கப்பில் இருந்ததும் போயிற்று.

மே 5, திங்கள்

ஒன்று.

மே 6, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் பார்த்தேன். ஜாடியை லேசாக ஆட்டிவிட்டுப் பதினைந்து எண்ணினேன். எத்தனை பதினைந்து எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. ரெஹானா வந்து தோளைத் தொட்டபோது மணி பதினொன்றேகால்.

மிரு செத்தபோது நான் அழவில்லை. எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். ஆஸ்பத்திரி பில், வண்டி, ஆட்களுக்குச் சாப்பாடு என்று ஓடிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு, இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிற மேசையில் தலையை வைத்து, கூடமே கேட்கும்படி அழுதேன். என் பிள்ளையை இரண்டாவது தடவை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டின்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் மாதத்திலிருந்து ஒன்று விடாமல். கையில் எடுத்த சோறு காய்ந்துபோகிற வரைக்கும் கேட்டார். போச்சாது வுடு என்பார் என்று நினைத்தேன்.

"கொளத்துல இருக்குமில்ல? அதேதான அங்க இருக்கும்?" என்றார்.

"அதே ஒண்ணு இருக்காதுங்க. அதோட சொந்தம் இருக்கும்."

"போய் எடுத்துட்டு வரலாம்."

மே 11, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் டி.வி.எஸ்ஸில் கிளம்பினோம். கைவலை, வாளி, வெள்ளைத் தட்டு, பிப்பெட். மிரு போனபிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை என்று போகும்போதுதான் உறைத்தது. கோயிலுக்குக்கூட.

கொக்கங்குளம் பச்சையாக இருந்தது. பெயிண்ட் ஊற்றிய மாதிரிப் பச்சை. "பாக்க நல்லாத்தான இருக்குது" என்றார். நீர்த்தெள்ளு இருக்கிற குளத்தில் பாசி இப்படி மண்டாது. அவை தின்று தின்று தண்ணீரைத் தெளிய வைத்துவிடும். மிரு எடுத்துவந்த அன்றைக்கு டீ கப்பின் அடி தெரிந்தது.

மதகடியில் வலையைப் போட்டு இழுத்துத் தட்டில் கவிழ்த்தேன். பாசி, இரண்டு கொசுப்புழு. மறுபடியும் போட்டேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வாய்க்கால் சேருகிற இடம், ஆகாயத்தாமரை ஓரம். பன்னிரண்டு தடவை போட்டேன். ஒன்றுகூட இல்லை.

எதனால் என்று வலை வீசிச் சொல்ல முடியாது. வெயிலாக இருக்கலாம். யாராவது மீன் விட்டிருக்கலாம். அறிக்கையில் அப்படித்தான் எழுதுவேன், காரணம் அறுதியிட இயலவில்லை என்று. ஆனால் இது அறிக்கை இல்லை, என் டைரி. ஒரு மாதம் பத்து மில்லிகிராம் ஓடியிருக்கிறது. திறக்க வைத்தது என் எண். அடைக்க வைத்ததும் என் எண். இரண்டுக்கும் நடுவில் இந்தக் குளத்துத் தெள்ளுகள் மிச்சமிருந்தது எங்கள் ஜாடியில் மட்டும்தான். குளத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவற்றைத்தான் நூறு நூறாக எடுத்து வெள்ளீயத்தில் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஜாடியை, ஒரே ஒரு ஜாடியைத் தொடாமல் வைத்திருந்தால் இன்றைக்குக் கொண்டுவந்து மதகடியில் ஊற்றியிருக்கலாம். இங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று எனக்குத் தோன்றவேயில்லை. வந்து பார்க்கவும் இல்லை.

"போலாமுங்க. இல்ல" என்றேன்.

"இன்னொருக்கா பாக்கலாம்."

"பன்னெண்டு தடவ பாத்தாச்சுங்க."

அவர் என் கையிலிருந்து வலையை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கினார். வலையைப் போட்டு, இழுத்து, கரைக்கு வந்து தட்டில் கவிழ்த்து, குனிந்து பார்த்தார். ஒரு கொசுப்புழுவைக் காட்டி, "இதா?" என்றார். இல்லை என்றேன். திரும்ப இறங்கினார். அப்புறம் ஒரு விதைத்துணுக்கைக் காட்டி, "இது?" என்றார். வெயில் ஏறிவிட்டது. ஆடு மேய்க்க வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மீன் இல்லீங்க இதுல என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் காதில் விழவில்லை. வேட்டியெல்லாம் சேறு. மூச்சு வாங்கியது.

"வாங்க, போதும்" என்றேன். "ஏனுங்க, போதுமுங்க."

கரையில் வந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வேர்வையில்லை.

"ஒன்றர வருசத்துக்கு மேல வளத்தா. ஒரு நாளு வந்து பாருங்கப்பான்னு எத்தன தடவ கூப்புட்டிருப்பா. பட்டறையில வேலை, வேலைன்னு நான் போவவேயில்ல. மிருவோடது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது வசு." பதினெட்டு மாதத்தில் அவர் வாயில் அந்தப் பெயரை இன்றுதான் கேட்டேன். "எப்படி இருக்கும்னு சொல்லு. நான் தேடறேன்."

"எள்ளளவு இருக்குமுங்க" என்றேன். "கண்ணாடியாட்ட. உத்துப் பாத்தா உள்ள நெஞ்சு துடிக்கறது தெரியும்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வலையோடு மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். நான் தட்டைக் கழுவிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.